ஸ்டேடியத்துக்குள்ள அரசியல் வேண்டாம்னு சொல்றவங்க எந்த ஊர் ஸ்டேடியத்த சொல்றாங்க?

தம்பி, படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால உன் கேள்விய நானே ஒருவாட்டி சொல்லிடுறேன். உனக்கு ஆபர்ன்ல எம்எஸ் சீட் கிடைச்சிருக்கு, ஆகஸ்ட்ல அலபாமா வர்ற. இங்க காலேஜ் ஃபுட்பால்னா (நம்ம கால்பந்து இல்ல, பந்த கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்க ஃபுட்பால்) கோயில் திருவிழா மாதிரின்னு கேள்விப்பட்டிருக்க, அதே நேரம் அமெரிக்காவே அரசியல்ல ரெண்டா பிளந்து கிடக்குன்னும் பாக்குற. "விளையாட்டுல அரசியல கலக்காதீங்க"ன்னு இந்த ஊர் ரசிகருங்க சொல்றது நிஜமா, நீங்க எப்படி அவங்களோட ஒண்ணா உக்காந்து மேட்ச் பாக்குறீங்கன்னு கேட்டிருக்க.

முதல்லயே சொல்லிடுறேன், நான் அலபாமா பர்மிங்ஹாம்ல 17 வருஷமா இருக்கேன், அலபாமா யூனிவர்சிட்டி டீம் ரசிகன், அந்த டீம் இருக்குறது டஸ்கலூசால, அதனால டஸ்கலூசா கோஷ்டி. ஆபர்ன் எங்களுக்கு பரம எதிரி. நீ அங்க படிக்கப் போறன்னு தெரிஞ்சும் உக்காந்து இவ்ளோ நீளமா டைப் பண்றேன்னா என் பெருந்தன்மைய நீயே பாத்துக்கோ.

அரசியல கலக்காதன்னு சொல்றது இங்க எடுபடாது, ஏன்னா டீமே அரசாங்கத்தோடது. ஐபிஎல் மாதிரி ஒரு கம்பெனி வாங்கி வெச்சிருக்குற டீம் இல்ல இது, பெரிய டீம்ல முக்காவாசி அரசு பல்கலைக்கழக டீம்தான். அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல அதிக சம்பளம் வாங்குற அரசு ஊழியர் யாருன்னு பாத்தா கவர்னர் கிடையாது, ஃபுட்பால் கோச் இல்லன்னா பாஸ்கெட்பால் கோச். எங்க ரெண்டு டீமையே எடுத்துக்கோயேன். 1907ல ஆட்டம் 6-6 டிராவாச்சு, அதுக்கப்புறம் பிளேயர்ஸுக்கு எவ்ளோ பேட்டா, யார் அம்பயர்னு ஒரு அல்ப சண்டை, 41 வருஷம் ரெண்டு பேரும் ஆடவே இல்ல. கடைசில 1947ல மாநில சட்டசபை தலையிட்டு ஆடுங்கப்பான்னு தீர்மானம் போட்டுச்சு, 1948 டிசம்பர்ல எங்க பர்மிங்ஹாம் லீஜியன் ஃபீல்டு ஸ்டேடியத்துல திரும்ப ஆரம்பிச்சுது. 55-0ன்னு யார் ஜெயிச்சாங்கன்னு நீ போனதும் உங்க ஆளுங்கள்ட்ட கேட்டுப் பாரு, பதில் வராது. சட்டசபை தீர்மானத்துல மறுபடி உயிர் வந்த ஆட்டத்துல போய் அரசியல் கூடாதுன்னா எப்படி?

இத்தன வருஷம் பாத்ததுல எனக்கு ஒண்ணு தெளிவா தெரியுது. இந்த ஊர் ரசிகன் யாராவது நியாயத்த எடுத்துச் சொல்லி மனசு மாறி நான் பாத்ததே இல்ல. தோத்தா மாறுவான், இல்ல தோத்துடுவோமோன்னு பயந்தா மாறுவான். அரசியல்வாதிக்கும் அது தெரியும், அதனால சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு சேதாரம் வருதுன்னா இரும்பு மாதிரி நின்னவனும் வளைஞ்சு குடுத்துடுவான்.

1956 சுகர் பௌல் (சீசன் முடிவுல நடக்குற பெரிய ஆட்டம்) கதை இதுக்கு நல்ல உதாரணம். ஜார்ஜியா டெக் டீம் பிட்ஸ்பர்க் டீமோட ஆடணும், பிட்ஸ்பர்க்ல பாபி கிரியர்னு ஒரு கறுப்பின வீரர் இருந்தார். ஜார்ஜியா கவர்னர் மார்வின் கிரிஃபின் குதிச்சார், கறுப்பர் இருக்குற டீமோட நம்ம பசங்க ஆடக்கூடாதுன்னு. அப்ப அட்லாண்டால மாணவருங்க தெருவுல இறங்கிட்டாங்க, கவர்னர் கொடும்பாவிய எரிச்சாங்க, அவர் மாளிகை வரைக்கும் போய் கலாட்டா பண்ணாங்க. ஆஹா புரட்சிடான்னு நினைச்சுடாத, அவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இனப் பிரிவினை சரின்னு நம்புன வெள்ளைக்காரப் பசங்களாத்தான் இருந்திருப்பாங்கன்னு நினைக்கிறேன், அவங்க கவலை எல்லாம் சுகர் பௌல் போயிடுமேங்கிறதுதான். கவர்னர் தோத்தார், ஆட்டம் நடந்துச்சு.

எங்க கதை அதவிட பெருசு. டஸ்கலூசா கேம்பஸ்ல ஃபாஸ்டர் ஆடிட்டோரியம்னு ஒரு கட்டடம் இருக்கு, 1963 ஜூன் 11 அன்னிக்கு கவர்னர் ஜார்ஜ் வாலஸ் ரெண்டு கறுப்பின மாணவர்கள உள்ள விடமாட்டேன்னு அதோட வாசல்ல போய் நின்னார். மாணவங்க உள்ள வந்துட்டாங்க, ஆனா ஃபுட்பால் டீம் அதுக்கப்புறமும் பல வருஷம் முழுக்க வெள்ளையாவே இருந்துச்சு. 1966ல எல்லா மேட்சும் ஜெயிச்சும் தேசிய ரேங்க்ல மூணாவது இடம்தான் கிடைச்சுது, தங்களுக்குள்ள 10-10ன்னு டிரா பண்ணிக்கிட்ட நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் முதல் ரெண்டு இடம். வெள்ளை டீம்ங்கிற கெட்ட பேர்தான் அதுக்கு ஒரு காரணம்னு இன்னிக்கும் சொல்றவங்க உண்டு. எங்க பெருசுங்க இன்னும் அதுக்கு மூக்கால அழுவாங்க.

அப்புறம் 1970 செப்டம்பர் 12, லீஜியன் ஃபீல்டு. கலிஃபோர்னியால இருந்து யுஎஸ்சி டீம் வந்துச்சு, சாம் கன்னிங்ஹாம்னு ஒரு கறுப்பின ஃபுல்பேக் (பந்த தூக்கிட்டு ஓடுற ஆள்), 135 யார்டு ஓடி ரெண்டு டச்டவுன், 42-21ன்னு எங்கள நொறுக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த ஒரே ராத்திரில அலபாமா ரசிகனுக்கு ஞானம் வந்துச்சுன்னு இங்க ஒரு புராணமே ஓடுது. புராணம்னு ஏன் சொல்றேன்னா, வில்பர் ஜாக்சன்ங்கிற கறுப்பின வீரருக்கு ஏற்கனவே ஸ்காலர்ஷிப் குடுத்து சேர்த்தாச்சு, முதல் வருஷ மாணவன் அப்ப ஆடக்கூடாதுன்னு விதி, அதனால அன்னிக்கு அவர் களத்துல இல்ல, அவ்ளோதான். எங்க கோச் பிரையன்ட் முன்னாடியே முடிவெடுத்துட்டார், தோல்வி அந்த முடிவுக்கு ரசிகன தயார் பண்ணுச்சு. அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சலிஸ்ல போய் யுஎஸ்சிய 17-10ன்னு திருப்பி அடிச்சாங்க, அன்னிக்கு நம்ம பக்கம் ஆடினவர் ஜான் மிட்செல், அலபாமாவுக்காக களம் இறங்குன முதல் கறுப்பின வீரர். யுஎஸ்சிக்கு போக இருந்த பையன், அவங்க கோச் பேச்சுவாக்குல பேர் சொல்லப்போக பிரையன்ட் அப்படியே கொத்திட்டு வந்துட்டார்! 1973ல மிட்செல் அதே டீம்லயே உதவி கோச் ஆனார். அதே 1973ல, வாசல மறிச்சு நின்ன அதே வாலஸ், கறுப்பின மாணவி ஒருத்தர் ஹோம்கமிங் ராணியா ஜெயிச்சப்ப வந்து கிரீடம் வெச்சுட்டுப் போனார். பத்தே வருஷம்.

இதுவரை படிச்சுட்டு ஆக விளையாட்டுதான் எல்லாரையும் சேத்து வெச்சுதுன்னு முடிவுக்கு வந்துடாத, அங்கதான் எனக்கும் ஒரு குட்டு விழுந்துச்சு. எங்க டெயில்கேட் கூட்டத்த பத்தி சொன்னாதான் அது புரியும். டெயில்கேட்னா மேட்ச் நாள் காலைல இருந்தே ஸ்டேடியத்துக்கு வெளிய கூடாரம் போட்டு, கறி சுட்டு, பீர் குடிச்சு, சேர் போட்டு உக்காந்திருக்குறது. எங்க கூடாரத்துல ஒரு ரிட்டயர்டு ஸ்டீல் மில் தொழிலாளி, வெள்ளைக்காரர், ஒவ்வொரு தேர்தல்லயும் டிரம்ப்புக்குதான் ஓட்டு, ஆனா வாழ்க்கை முழுக்க யூனியன் ஆளு. ஒரு கறுப்பின தம்பதி, ரெண்டு பேருமே ஸ்கூல் டீச்சர். அப்புறம் நான், எலுமிச்ச சாதத்தோட.

2020 ஜூன்ல, ஜார்ஜ் ஃபிளாய்ட்ங்கிற கறுப்பினத்தவர போலீஸ் கொன்னதுக்கு அப்புறம், எங்க பிளேயர்ஸ் ஒரு வீடியோ போட்டாங்க, கறுப்பின உயிருக்கும் மதிப்பு இருக்குன்னு. ஆகஸ்ட் 31ல கோச் நிக் சேபன் முன்னாடி நடக்க, மொத்த டீமும் கேம்பஸ்ல ஊர்வலமா போய் எங்க நின்னாங்க தெரியுமா, அதே ஃபாஸ்டர் ஆடிட்டோரியம் வாசல்ல. நம்ம ஸ்டீல் மில் பெரியவர் வாட்ஸ்அப் குரூப்ல பொங்கிட்டார், இனிமே ஒரு மேட்ச் பாக்கமாட்டேன், டிக்கெட்ட கிழிச்சுப் போடுறேன், சேபனுக்கு புத்தி கெட்டுப்போச்சுன்னு. கொரோனா வருஷம் வேற, ஸ்டேடியத்துல 20 சதவீதம் பேருக்குதான் அனுமதி, டெயில்கேட்டே கிடையாது, அதனால அவர் கிழிக்க டிக்கெட்டும் கையில இல்ல. சீசன் ஆரம்பிச்சுது. அந்த டீம் 13-0, அதாவது ஆடின 13லயும் வெற்றி, ஒருத்தர் கூட தொட முடியல, ஃபைனல்ல ஒஹாயோ ஸ்டேட்ட 52-24. நவம்பர் வாக்குலயே பெரியவர் குரூப்ல எங்க வீரர் டவோன்டா ஸ்மித் கேட்ச் வீடியோவா போட்டுத் தள்ளிட்டு இருந்தார். ஊர்வலத்த பத்தி ஒரு வார்த்த இல்ல.

நான் பெருமையா டீச்சர்கிட்ட சொன்னேன், பாத்தீங்களா சார், மாறிட்டார்னு. அவர் சிரிச்சார். "அவர் மாறல, மறந்துட்டார். ஒரு மேட்ச் தோத்திருந்தா அந்த ஊர்வலம் மறுபடி ஞாபகம் வந்திருக்கும்"னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இன்னும் இல்ல. அவரோட அப்பா காலத்துல இந்த ஸ்டேடியத்துல ஆட்டம் பாக்க வர்றதையே நினைச்சுப் பாத்திருக்க மாட்டாங்களாம், டஸ்கலூசாலதான் வீடே.

பக்கத்து மாநிலம் மிசிசிப்பிலயும் அதே வருஷம் அதே கதை. உள்நாட்டுப் போர் காலத்து தெற்கத்தி படையோட சின்னம் 1894ல இருந்து அவங்க மாநிலக் கொடில இருந்துச்சு, 2001ல மக்கள்கிட்ட ஓட்டுக்கு விட்டும் மாறல. 2020 ஜூன்ல எஸ்இசி (நம்ம ரெண்டு டீமும் ஆடுற தெற்கத்தி யூனிவர்சிட்டிங்களோட லீக்) கமிஷனர், கொடிய மாத்தலன்னா உங்க மாநிலத்துல சாம்பியன்ஷிப் எதையும் நடத்துறது பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்னு சொன்னார். மிசிசிப்பி ஸ்டேட் டீமோட ரன்னிங்பேக் (பந்தோட ஓடுற ஆள்) கைலின் ஹில், கொடிய மாத்துங்க, இல்ல நான் இந்த மாநிலத்துக்காக ஆடமாட்டேன்னு ட்வீட் போட்டார். கோச்சுங்கெல்லாம் கோட் சூட்டோட தலைநகர் ஜாக்சன்ல சட்டசபைக்கே போய் நின்னாங்க. ஜூன் 28ல ஓட்டெடுப்பு, 30ல கவர்னர் கையெழுத்து. சர்ச்சுங்க, வியாபார சங்கங்க எல்லாம் பேசுனாங்கதான், ஆனா நல்ல ரன்னிங்பேக் போயிடுவான்ங்கிற பயத்துக்கு ஒரு தனி மரியாதை இருக்கு இந்த ஊர்ல.

துப்பாக்கி விஷயத்துலயும் அப்படித்தான். ஆர்கன்சா சட்டசபை 2017ல கேம்பஸுக்குள்ள துப்பாக்கி வெச்சுக்கலாம்னு சட்டம் போட்டுச்சு. எஸ்இசி ஆட்சேபிச்ச உடனே ஸ்டேடியத்த மட்டும் விலக்கி இன்னொரு சட்டம். கிளாஸ்ரூமுக்கு இல்லாத பாதுகாப்பு ஸ்டேடியத்துக்கு.

சரி, அப்ப ஃபுட்பால் புகழ் இருந்தா தேர்தல்ல ஜெயிச்சுடலாமான்னு அடுத்து கேப்ப. உங்க ஊர் ஆள வெச்சே சொல்றேன். டாமி டியூபர்வில், 1999ல இருந்து 2008 வரைக்கும் ஆபர்ன் கோச், எங்கள தொடர்ந்து ஆறு வருஷம் தோக்கடிச்சவர், அவர் பேர கேட்டாலே எனக்கு பிபி ஏறும். 2020ல செனட்டுக்கு நின்னார். அலபாமா ரசிகருங்க ஓட்டு இல்லாம இந்த மாநிலத்துல ஒருத்தரும் ஜெயிக்க முடியாது, ஆனா சுலபமா ஜெயிச்சுட்டார். எங்க பெரியவர் கூட அவருக்குதான் போட்டார். "இருபது வருஷம் திட்டுனீங்களே"ன்னேன். "அது சனிக்கிழமை, இது செவ்வாக்கிழமை"ன்னார். அதே டியூபர்வில் 2023ல, கருக்கலைப்புக்கு வேற மாநிலம் போற ராணுவத்தாருக்கு பயணச் செலவு தரக்கூடாதுன்னு சொல்லி, நூத்துக்கணக்கான ராணுவ அதிகாரிங்க பதவி உயர்வ மாசக்கணக்குல நிறுத்தி வெச்சார். ஹன்ட்ஸ்வில்ல ராணுவத் தளமே இருக்குற மாநிலம் இது, அங்க வேல பாக்குற எங்க நண்பர்கள் வீட்டுல அந்த வருஷம் அவரப் பத்தி நல்ல வார்த்த ஒண்ணும் கேக்கல. எனக்கு அவர் செஞ்சது பிடிக்கல, அவர் கட்சிக்காக இல்ல, கொள்கைச் சண்டைக்கு சம்பந்தமே இல்லாத அதிகாரிங்க குடும்பத்த பணயம் வெச்சாரேன்னு.

ஆனா இதுக்கு எதிர் உதாரணமும் இருக்கு. நெப்ராஸ்கால டாம் ஆஸ்பர்ன், 25 வருஷம் கோச், 255 வெற்றி, மூணு தேசிய சாம்பியன்ஷிப், அந்த ஊர்ல சாமி மாதிரி. காங்கிரஸுக்கு நின்னார், அள்ளிக்கிட்டு ஜெயிச்சார். அந்த தைரியத்துல 2006ல கவர்னருக்கு நின்னார், சொந்தக் கட்சி உள்தேர்தல்லயே தோத்துட்டார். ஜார்ஜியால ஹெர்ஷல் வாக்கர், 1980ல சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தவர், அந்த மாநிலத்துல அவரவிட பெரிய ஃபுட்பால் பேர் இல்ல. 2022ல அவர் கட்சி கவர்னர் பிரையன் கெம்ப் நல்ல வித்தியாசத்துல ஜெயிச்ச அதே நாள்ல அதே வாக்குச்சீட்டுல வாக்கர் பின்தங்கி, டிசம்பர் மறுதேர்தல்ல தோத்தார். அதாவது கெம்புக்கு குத்திட்டு வாக்கர தாண்டிப் போன ஜார்ஜியா ரசிகன் கணிசமா இருக்கான். ரசிகன முட்டாள்னு நினைக்கிறவங்களுக்கு இத சொல்லுவேன். கைதட்டுறது வேற, ஓட்டு வேற, அது அவனுக்கு நல்லாவே தெரியும்.

காசு விஷயத்துக்கு வர்றேன், ரசிகன் எவ்ளோ சீக்கிரம் பல்டி அடிப்பான்னு இதுலதான் பாக்கணும். நான் வந்த புதுசுல எங்க கூடாரத்துல யார கேட்டாலும், பசங்களுக்கு சம்பளமா, ச்சீ, ஸ்காலர்ஷிப் போதாதா, படிக்கத்தான வந்திருக்கான்னு பேசுவாங்க. 1984ல டிவி உரிமைய என்சிஏஏ (காலேஜ் விளையாட்டுங்கள நடத்துற தேசிய அமைப்பு) மட்டும் கட்டுப்படுத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னப்பவே கோடி கோடியா பணம் கொட்ட ஆரம்பிச்சாச்சு (தானும் காலேஜ்ல பெரிய ஆட்டக்காரரா இருந்த நீதிபதி பைரன் ஒயிட் அன்னிக்கு எதிர்த் தீர்ப்பு எழுதுனார், அது தனிக் கதை), ஆனா ஆடுற பையனுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது. 2021 ஜூன்ல ஆல்ஸ்டன் வழக்குல சுப்ரீம் கோர்ட் 9-0ன்னு என்சிஏஏ தலையில தட்டுச்சு, ஜூலை 1ல இருந்து என்ஐஎல், அதாவது பசங்க தன் பேர், முகத்த வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம். அலபாமா சட்டசபை முந்திக்கிட்டு 2021லயே அதுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டுச்சு. மத்த மாநிலத்துல அவ்ளோ கட்டுப்பாடு இல்ல, நம்ம சட்டத்தால நம்ம டீமுக்கே நஷ்டம்னு தெரிஞ்சுது. 2022 பிப்ரவரில அவங்களே போட்ட சட்டத்த அவங்களே ரத்து பண்ணாங்க. ஒரு வருஷம் கூட தாங்கல!

இப்ப பிளேயர்ஸ் என்சிஏஏ மேல போட்ட ஹவுஸ் வழக்கு சமரசத்துக்கு அப்புறம் 2025-26ல ஒரு யூனிவர்சிட்டி வருஷத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும் பிளேயர்ஸுக்கு நேரடியாவே குடுக்கலாம். ச்சீன்னு சொன்ன அதே ஆளுங்க, நல்ல குவார்ட்டர்பேக்க (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவர்) பிடிக்க நம்மாளுங்க காசு போதுமான அளவு இறக்கலன்னு திட்டுறாங்க. என் கருத்து, குடுக்கத்தான் வேணும், முன்னாடியே குடுத்திருக்கணும். மூளை அதிர்ச்சி, முட்டி கிழிசல்னு உடம்ப வெச்சு ஆடுற பையன் உழைக்கிறவன்தான். அடுத்து யூனியன் வருமான்னு பேச்சு வந்தா நம்ம பெரியவர் மட்டும் நிமிந்து உக்காருவார், அந்த ஒரு விஷயத்துல அவரும் டீச்சரும் நானும் ஒரே கட்சி. 2014ல நார்த்வெஸ்டர்ன் பசங்க யூனியன் கேட்டு, 2015ல தொழிலாளர் வாரியம் எங்க அதிகாரத்துல வராதுன்னு கைய கழுவிடுச்சு. டஸ்கலூசா பக்கத்துல வான்ஸ்ல மெர்சிடீஸ் ஃபேக்டரி இருக்கு, 2024 மே மாசம் அங்க யூனியன் வேண்டாம்னே ஓட்டு விழுந்துச்சு, அதனால இங்க பிளேயர் யூனியன்னா சண்டை நிச்சயம்.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடுறேன். தேசிய கீதத்துக்கு மண்டி போடுற சண்டை காலேஜ்ல அவ்ளோ பெருசாகல, கீதம் பாடுறப்ப பெரும்பாலும் டீமே லாக்கர் ரூம்லதான் இருக்கும், பாக்கவே முடியாத ஒண்ணுக்கு எப்படி கோவப்படுறது. திருநங்கை வீராங்கனைகள் விவாதம் கூடாரத்துல நல்லா சூடாகும். என்சிஏஏ தலைவர் 2024 டிசம்பர்ல செனட்ல சொன்ன கணக்கு, சுமார் 5,10,000 வீரர்கள்ல திருநர் பத்துக்கும் கம்மி. 2025 பிப்ரவரில பெண்கள் போட்டில திருநங்கைகள் ஆடக்கூடாதுன்னு டிரம்ப் உத்தரவு வந்த மறுநாளே என்சிஏஏ விதிய மாத்திடுச்சு. பெண்கள் போட்டில நியாயம் வேணுங்கிறது நிஜமான கேள்வி, உடற்கூறு தெரிஞ்சவங்க பேச வேண்டியது, அத நான் ஒதுக்கல. ஆனா கூடாரத்துல இதுக்கு நரம்பு புடைக்க கத்துற ஒருத்தர்கிட்ட நம்ம பெண்கள் வாலிபால் டீம்ல ஒரு பேர் சொல்லுங்கன்னு கேட்டேன், கறி கருகுதுன்னு எழுந்து போயிட்டார்.

எப்படி ஒண்ணா உக்காருறீங்கன்னு கேட்டல்ல, பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. மேட்ச் ஆரம்பிக்க ரெண்டு மணி நேரம் முன்னாடி பேச்சு நின்னுடும், எழுதாத விதி. 2019லயும் 2024லயும் டிரம்ப் டஸ்கலூசா மேட்சுக்கு வந்தப்ப கூட செக்யூரிட்டி லைன் நீளமாயிடுச்சேங்கிற எரிச்சல்ல எல்லாரும் ஒத்துமையா இருந்தோம். டீச்சர் மனைவி மட்டும் ஸ்கிரீன்ல அவர காட்டுனப்ப ஃபோன எடுத்து நோண்ட ஆரம்பிச்சாங்க, பெரியவர் கைதட்டுனார், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கல. அடுத்த நிமிஷம் கிக்ஆஃப்.

நீ வந்ததும் உன்ன யாரும் எந்தக் கட்சின்னு கேக்கமாட்டாங்க, எந்த டீம்னுதான் கேப்பாங்க, அதுல உஷாரா இரு. உங்க ஊர் டூமர்ஸ் கார்னர்ல ஜெயிச்சா மரத்துக்கு டாய்லெட் பேப்பர் சுத்துவாங்க, 2010ல நாங்க தோத்த கடுப்புல எங்க ரசிகன் ஒருத்தன் அந்த ஓக் மரங்களுக்கே விஷம் வெச்சுட்டான், 2013ல வெட்ட வேண்டியதாச்சு. கட்சிக்காக மரத்துக்கு விஷம் வெச்சவன நான் இங்க கேள்விப்பட்டதில்ல. அந்த ஆள வெச்சு எங்க எல்லாரையும் எடைபோடாத, வெட்கமாதான் இருக்கு. அயர்ன் பௌல், அதாவது நம்ம ரெண்டு டீமும் மோதுற ஆட்டம், ஒத்தப்பட வருஷம் உங்க ஊர்ல, ரெட்டப்பட வருஷம் டஸ்கலூசால. டஸ்கலூசால நடக்குறப்ப கூடாரத்துக்கு வா, பெரியவர் கறி சுடுவார், டீச்சர் வீட்டு பீச் காப்ளர் இருக்கும், ஆரஞ்சு சட்டைய மட்டும் கார்லயே கழட்டி வெச்சுட்டு வந்துடு.